349 ரூபாய்க் குழாயும் எங்கள் வீட்டுச் சண்டையும்

வாங்கிய பொருள்: குழந்தை விழுங்கிவிடக்கூடிய சின்னச் சாமான்களைப் போட்டுப் பார்க்கும் பிளாஸ்டிக் குழாய். விலை 349 ரூபாய், டெலிவரி இலவசம். பயன்படுத்திய காலம் இரண்டரை மாதம். எத்தனை ஸ்டார் என்பதை உள்ளேயே சொல்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங். பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுப்பது பிழைப்பு. வீட்டில் அம்மா, மனைவி, பதினான்கு மாதப் பெண் குழந்தை. என் தொழிலைச் சொல்லக் காரணம், இந்தக் குழாயை வாங்கிய ஆயிரம் பேரில் வெர்னியர் (மில்லியின் பின்னம் வரை காட்டும் அளவுக் கருவி) வைத்து அளந்து பார்த்தவன் அனேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒரு சனிக்கிழமை. ஆட்களுக்குச் சம்பளம் போட்டுவிட்டு வீட்டுக்கு வர ஒன்பது மணி. பேன்ட்டைக் கழற்றிக் கட்டில் ஓரத்தில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வெளியே வந்து பார்த்தால் பாப்பா தரையில் உட்கார்ந்து ஒரு பக்கக் கன்னத்தை உப்பிக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். சிரிக்கவில்லை, அழவில்லை. வெற்றிலையை அடக்கிய கிழவி மாதிரி ஒரு முகம். தாடையைப் பிடித்துக் கொஞ்சம் திறந்தால் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் பளபளவென்று ஒரு எம்8 நட். ஸ்பேனர் பிடிக்கிற அகலம் 13 மி.மீ., தடிமன் ஆறரை. என் பேன்ட் பையில் இருந்து விழுந்தது. கண்ணுக்குத் தெரிந்ததால் இரண்டு விரலால் எடுத்துவிட்டேன். நட்டைத் திருப்பித் தரச் சொல்லி அவள் கத்திய கத்தலில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

மனைவி என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள், ஜன்னல் மேல் வைத்தாள், பேசாமல் போய்விட்டாள். விடிகாலை மூன்று மணிக்கு விழித்தால் போன் வெளிச்சத்தில் அவள் முகம். குழந்தைக்கு மூச்சடைத்த வீடியோ ஒன்று ஓடி முடிய, அடுத்தது தானாகவே தொடங்குகிறது. "ஏனுங்க, இத ஆர்டர் பண்ணட்டுங்களா?" என்று கேட்டாள். அந்த நேரத்தில் யார் வேண்டாம் என்பார்கள்?

அந்த ஒரு மாதம் வீடு வீடாக இல்லை. இட்லியைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கூழாகத்தான் கொடுப்பாள். திராட்சை வாசல் தாண்டி உள்ளே வரக்கூடாது. ராத்திரி மூன்று தடவை எழுந்து பாப்பாவின் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்ப்பாள். அம்மாவுக்கு இதெல்லாம் கேலியாக இருந்தது. "நாங்கெல்லாம் பிள்ளை வளக்காமயா உன்னைய இத்தாத்தண்டி ஆளாக்குனோம்? புளியங்கொட்டையும் சோழியும் வெச்சுத்தான சாமி வெளையாடுனீங்க?" ஒருத்தி ஒரு சாமானை எடுத்து மேலே வைப்பாள், இன்னொருவர் அதைக் கீழே இறக்கித் தருவார். நடுவில் நான். நட்டைக் கொண்டுவந்த குற்றவாளி என்பதால் என் பேச்சுக்கு இரண்டு பக்கத்திலும் மதிப்பில்லை.

சரி, பொருளுக்கு வருகிறேன்.

நான்காம் நாள் வந்தது. கைக்கு அடக்கமான அட்டைப்பெட்டி, உள்ளே கண்ணாடி போல ஊடே தெரியும் பிளாஸ்டிக் குழாய், கூடவே ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் ஆங்கிலமும் இந்தியும் மட்டும். 'நூறு சதவீதப் பாதுகாப்பு' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். குழாயின் விளிம்பு மழமழவென்று இருந்தது, பிளாஸ்டிக் வாடை இல்லை. அடிப்பாகம் தட்டையாக இல்லாமல் ஒரு பக்கம் சரிந்திருந்தது. செய்முறை ஒன்றே ஒன்றுதான். வீட்டில் கிடக்கும் சாமானை அழுத்தாமல் குழாய்க்குள் போடுங்கள். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் சரி, முழுசாக உள்ளே அடங்கிவிட்டால் அது மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் கைக்குப் போகக்கூடாது.

பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது எங்கள் பட்டறையில் தினமும் பிடிக்கிற கோ, நோ-கோ கேஜ்தான். துளையைச் சோதிக்க கேஜை விடுவோம். 'கோ' முனை போக வேண்டும், 'நோ-கோ' முனை போகக்கூடாது. படிக்கத் தெரியாத ஆள்கூட ஜாப் பாஸா பெயிலா என்று சொல்லிவிடலாம். அளவு தெரிய வேண்டாம், வாக்குவாதம் வேண்டாம். இந்தக் குழாயும் அதே கதைதான், ஒரே வித்தியாசம், உள்ளே போனால் பெயில்.

இந்த அளவு யாரோ ஆன்லைன் கடைக்காரர் மனம்போன போக்கில் வைத்தது இல்லை. அமெரிக்காவில் 1980 ஜனவரி முதல் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளுக்கு இதுதான் சட்டம். உள்விட்டம் 31.7 மி.மீ., அதாவது ஒன்றேகால் அங்குலம். ஆழம் ஒரு பக்கம் 25.4, எதிர்ப் பக்கம் 57.1. கழித்துப் பாருங்கள், 31.7 வரும். விட்டமும் 31.7 என்பதால் அடிச்சரிவு கச்சிதமாக 45 டிகிரி. யாரோ ஒரு நல்ல டிராயிங்காரர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். நம் நாட்டு ஐ.எஸ். 9873 தரத்திலும் இதே உருளைதான். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று ஆனபோது அதற்குப் பின்னால் நிற்கும் சோதனைகளில் இதுவும் ஒன்று.

பழக்கதோஷம். ஞாயிற்றுக்கிழமை வெர்னியரை வீட்டுக்குக் கொண்டுவந்து குழாய்க்குள் விட்டேன். வாய்ப் பக்கம் 30.9. கொஞ்சம் உள்ளே தள்ளி அளந்தால் 30.6. பிளாஸ்டிக் மோல்டிங்கில் அச்சிலிருந்து கழன்று வருவதற்காக உள்ளே போகப் போக ஒரு சரிவு வைப்பார்கள். அதைக் கணக்கில் எடுக்காமல் அச்சு வெட்டியிருக்கிறார்கள். வாயிலேயே 0.8 மி.மீ. குறைவு.

'அட, முக்கால் மில்லி தானே' என்று தோன்றும். கேஜ் எந்தப் பக்கம் தப்பாக இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். குழாய் பெரிதாக இருந்திருந்தால் நல்ல சாமானையும் பெயில் ஆக்கும், அதனால் நட்டமில்லை. சிறியதாக இருந்தால் பெயில் ஆக வேண்டியதைப் பாஸ் ஆக்கிவிடும். பாப்பாவிடம் மாமன் வாங்கித் தந்த பிளாஸ்டிக் லாரி ஒன்று உண்டு, இழுத்தால் சக்கரம் கையோடு வந்துவிடும் ரகம். சக்கரத்தின் விட்டம் 31.3, தடிமன் 12. வாங்கிய குழாயின் வாயில் அது சப்பையாக உட்கார்ந்துகொண்டது, உள்ளே இறங்கவில்லை. "பாஸ்" என்றாள் மனைவி, நிம்மதியாக. சரியான அளவுக் குழாயாக இருந்திருந்தால் டப்பென்று உள்ளே விழுந்து வாய் விளிம்புக்குக் கீழே போயிருக்கும். 349 ரூபாய்க்கு அவள் வாங்கியது நிம்மதி மட்டும்தான், அதுவும் அளவு குறைவு.

விற்றவருக்கு வெர்னியர் ரீடிங்கோடு போட்டோ எடுத்து அனுப்பினேன். 'சார், சிறு வித்தியாசம் சகஜம்தான், வீட்டு உபயோகத்துக்கு இது போதும்' என்று பதில். எங்களிடம் ஒரு ஷாஃப்ட்டை 0.8 குறைத்துக் கடைந்து கொடுத்துவிட்டு இப்படிப் பதில் எழுதினால் பார்ட்டி பட்டறை வாசலிலேயே அதை வீசிவிட்டுப் போவார். மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். 'சூப்பர் புராடக்ட், என் பையன் இதை வைத்துத்தான் விளையாடுகிறான்' என்று ஒருவர் ஐந்து ஸ்டார் போட்டிருந்தார். என்னிடமிருந்து இரண்டு. ஒன்று யோசனைக்கு, ஒன்று மழமழப்பான விளிம்புக்கு.

கோபத்தில் ஒரு வேலை செய்தேன். திங்கட்கிழமை காலையில், பார்ட்டி ஜாப் எல்லாம் அப்படியே கிடக்க, ஓரத்தில் கிடந்த 50 மி.மீ. நைலான் ராடில் ஒரு துண்டு வெட்டி லேத்தில் பிடித்தேன். 31.7-க்கு நேராக போரிங், அதாவது உள்துளை. சரிந்த அடிப்பாகத்தை லேத்தில் அப்படியே கொண்டுவர முடியாது. அதனால் அதே ராடில் 31.75-க்கு ஒரு பிளக் கடைந்து, மில்லிங்கில் வைஸைச் சாய்த்து 45 டிகிரியில் வெட்டி, கீழிருந்து இறுக்கமாக அடித்து ஏற்றினேன். ஆழம் 25.4, 57.1. எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். பையன்கள் "இது எந்த பம்புக்குண்ணா?" என்று கேட்டார்கள். சாயந்திரம் லாரிச் சக்கரத்தைப் போட்டுக் காட்டினேன். டப். மனைவி ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு லாரியை எடுத்துப் பரண் மேல் போட்டாள்.

அப்புறம் நடந்ததை எதிர்பார்க்கவில்லை. அம்மா அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "இது ஒழக்காட்டம் இருக்குதே" என்றார். அன்றிலிருந்து அதன் பேர் உழக்கு. அம்மா அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் உழக்கிலும் ஆழாக்கிலும் அளந்தே குடும்பம் நடத்தியவர். மருமகள் போனைக் காட்டிச் சொன்னபோது ஏறாதது, அளக்கிற சாமான் ஒன்று கையில் வந்ததும் ஏறிவிட்டது. அடுத்த நாள் நான் பட்டறையிலிருந்து திரும்பினால், மாமியாரும் மருமகளும் நடுவீட்டில் உட்கார்ந்து வீட்டையே உழக்கில் போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் சொப்புச் சாமான். பாப்பாவுக்காக அம்மா பழநியில் வாங்கி வந்த மரச்சொப்பு, அரக்குப் பூச்சு, சிவப்பும் பச்சையும். அம்மிக் குழவி உள்ளே. உலக்கை உள்ளே. குடத்து மூடி உள்ளே. கரண்டி சாய்ந்து படுத்துக்கொண்டு உள்ளே. உரலும் உள்ளே! அம்மாவின் முகம் வாடிவிட்டது. தேறியவை அம்மிக்கல்லும் பெரிய குடமும் ஒரு தட்டும் மட்டும். குழவி இல்லாத அம்மியை வைத்துக்கொண்டு பாப்பா இப்போது மொபைல் என்று காதில் வைத்துப் பேசுகிறாள்.

பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ., அதுவே போய்விடும்போது மற்ற காசையெல்லாம் சோதிக்கவே வேண்டாம். தண்ணீர் பாட்டில் மூடி, பேனா மூடி இரண்டும் உள்ளே. (நல்ல பேனாவின் மூடி நுனியில் ஒரு ஓட்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். விழுங்கிவிட்டாலும் கொஞ்சம் காற்று போய் வரட்டும் என்பதற்காக வைத்த ஓட்டை. இருபது வருஷம் அந்த மூடியைக் கடித்துத் துப்பியிருக்கிறேன், இப்போதுதான் தெரியும்.)

என்னைப் பயமுறுத்தியவை இவை எதுவும் இல்லை, பாப்பாவின் உடம்பிலேயே இருந்த சாமான்கள். கொலுசில் ஏழு மணி, அதில் ஒன்றின் வளையம் வாய் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது. திருஷ்டிக்குக் கட்டிய கறுப்பு மணி, நூல் இற்றுப்போய். காதில் கம்மல், அதன் திருகாணி நான்கு மில்லி இருக்குமா? தூங்கும்போது கழன்று தலையணையில் கிடந்ததை மனைவி இரண்டு தடவை எடுத்து மாட்டியிருக்கிறாளாம். பொம்மைக் கடையில் வாங்குவதற்குத்தான் தரம், முத்திரை, சட்டம் எல்லாம். தட்டார் கடையில் வாங்கிப் பிள்ளையின் கழுத்திலும் காலிலும் நாமே பூட்டுகிற மணிகளுக்கு இந்த மாதிரிப் பாதுகாப்பு முத்திரை எதுவும் கிடையாது.

போன கார்த்திகைக்கு வாங்கிய பேட்டரி அகல் விளக்குகளும் பரணில் இருந்தன. அடியில் மூடியைத் தள்ளினால் பட்டன் பேட்டரி, 20 மி.மீ. அகலம், காசு மாதிரி. இது மூச்சுக்குழாயை அடைப்பதைவிட உணவுக்குழாயில் சிக்கிக்கொள்வதுதான் மோசம். ஈரம் பட்டதும் மின்சாரம் ஓடி, இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். விழுங்கினதாகச் சந்தேகம் என்றாலே வீட்டில் உட்காரக்கூடாது, நேராக ஆஸ்பத்திரி. திருகு வைத்து மூடாத பேட்டரிச் சாமான் எதுவும் இப்போது எங்கள் வீட்டில் இல்லை.

இவ்வளவு புகழ்ந்துவிட்டதால் உழக்கின் வண்டவாளத்தையும் சொல்ல வேண்டும். நானே கடைந்ததாக இருந்தாலும்தான்.

பெட்டிக்கடையில் ஜாடியில் போட்டு விற்கிறார்களே, தரையில் அடித்தால் கூரைக்கு எகிறும் ரப்பர் பந்து. அளந்தேன், 32.4. உழக்கு வாயில் கம்பீரமாக உட்கார்ந்துகொண்டது. பாஸ். ஆனால் உருண்டையான சாமான் தொண்டையில் போய் அச்சடித்த மாதிரி உட்கார்ந்துகொள்ளும், சுற்றிக் காற்று போக இடுக்கே இருக்காது. இதனால்தான் பந்துக்குத் தனிச் சோதனை, 44.5 மி.மீ. வளையம். அதன் வழியே விழுகிற பந்து சின்னப் பிள்ளைக்கு ஆகாது. அமெரிக்கக்காரர்கள் 1994-ல் தனிச் சட்டமே போட்டுத்தான் இதைச் சேர்த்தார்கள். வாங்கிய குழாயோடு வந்த சீட்டில் இதைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் ஒரு வளையமும் வெட்டிக் கொண்டுவந்தேன். ரப்பர் பந்து வழுக்கிக்கொண்டு கீழே போய் எகிறி, டிவி மேல் பட்டது.

பலூனுக்கு எந்தக் குழாயும் கிடையாது. ஊதாத பலூன், உடைந்த பலூனின் கிழிசல், இரண்டும் எமன். தொண்டையில் போய் ஈரத்தோலாக ஒட்டிக்கொண்டால் தட்டி வெளியே வராது. பொம்மை வகையில் பிள்ளைகளின் உயிரை அதிகம் எடுப்பது அதுதான் என்று அமெரிக்கக் கணக்கு சொல்கிறது. பிறந்தநாள் முடிந்ததும் தரையைப் பெருக்குவது கேக் துணுக்குக்காக இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பெரிய ஓட்டை சாப்பாடு. சுண்டல், பொட்டுக்கடலை, சீடை, திராட்சை, தேங்காய்ச் சில்லு, சீதாப்பழக் கொட்டை எல்லாமே உழக்குக்குள் அடங்கும். அப்படியென்றால் பட்டினி போடுவதா? இந்தக் கேள்வியில்தான் மனைவி மாட்டிக்கொண்டிருந்தாள். குழாய் வந்த பிறகு அவள் பயம் ஒரு பங்கு கூடிவிட்டது என்றே சொல்வேன், ஏனென்றால் இப்போது எதைப் பார்த்தாலும் 31.7.

எங்கள் வீதியில் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். உழக்கைக் காட்டப் போனோம். அதைப் பார்த்து "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க தம்பி" என்று ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே போய்த் தன் மகளின் பழைய துணி பொம்மையை எடுத்து வந்தார். அடுத்த முக்கால் மணி நேரம்தான் இந்த முழு விவகாரத்தில் உருப்படியானது.

"இருமுனா இருமட்டும் விடுங்க. சத்தம் வருதுன்னா காத்து போகுது. ஓக்காளிச்சுக் கண்ணுல தண்ணி வந்தாலும் பயப்படாதீங்க, அது தொண்டை தன்னைக் காப்பாத்திக்கற வேலை. சத்தமே இல்லாம வாயைப் பொளந்து முழிச்சா, உதடு நீலம் பாரிச்சா, அப்பத்தான் நம்ம வேலை." ஒரு வயதுக்குள் என்றால் குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை தாழ்வாக, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிமேட்டால் 5 தட்டு; திருப்பிப் போட்டு நெஞ்செலும்பின் நடுவில் 5 அழுத்து. ஒரு வயது தாண்டினால் முதுகில் 5 தட்டிய பிறகு, பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக 5 இழுப்பு. வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-க்கு அடிக்க வேண்டும். நினைவு தப்பினால் தரையில் படுக்கப் போட்டு சி.பி.ஆர்., அதாவது நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுக்கும் முதலுதவி. கண்ணுக்குத் தெரியாத சாமானைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளேதான் தள்ளுவோம். நான் நட்டை எடுத்தது கன்னத்தில் தெரிந்ததால் சரி. இல்லையென்றால் நானே உள்ளே தள்ளியிருப்பேன்.

அம்மா கேட்டார்: "பொறை ஏறுனா தலையில தட்டறதுதான?" யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சியில் தட்டித் தண்ணீர் கொடுத்தே பழகிய வீடு எங்களுடையது. அக்கா சிரித்தார். "நெனைக்கறவங்க நெனைக்கட்டுங்கம்மா. மூச்சு அடைச்ச பிள்ளைக்குத் தண்ணி ஊத்திடாதீங்க. காலைப் பிடிச்சுத் தலைகீழாத் தொங்கவும் விடாதீங்க."

வேர்க்கடலையைப் பற்றி மட்டும் குரலை ஏற்றிச் சொன்னார். அது மூச்சுக்குழாயைத் தாண்டி ஒரு நுரையீரல் பக்கம் இறங்கிவிட்டால் முதலில் ஒரு இருமல், அப்புறம் குழந்தை சும்மா இருக்கும். எல்லாரும் மறந்துவிடுவார்கள். கடலை அங்கேயே ஊறி உப்பும், அதன் எண்ணெயில் சுற்றிலும் புண்ணாகும். எக்ஸ்-ரேயில் கடலை தெரியாது. ஆறாத இருமல், ஒரு பக்கம் இளைப்பு என்று வாரக்கணக்கில் மருந்து குடித்துவிட்டுக் கடைசியில் குழாய் விட்டு எடுக்க வேண்டிவரும். அதனால் முழுக்கடலை நாலைந்து வயது வரைக்கும் வேண்டாம், பொடி பண்ணிச் சாதத்தில் போடுங்கள் என்றார். திராட்சையை நீளவாக்கில் நாலாக. குறுக்கே வெட்டினால் வட்டம் வட்டமாகவேதான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து மனைவி அன்றைக்கே திராட்சை வாங்கி வரச் சொன்னாள். ஒவ்வொன்றாக எடுத்துக் காம்பிலிருந்து அடிவரைக்கும் கீறி, திருப்பி இன்னொரு கீறல். நாலு துண்டு. பாப்பாவை நேராக உட்கார வைத்து ஒரு துண்டு கொடுத்தாள். மூன்றாவது துண்டில் பாப்பா 'அக்' என்று ஓக்காளித்தாள். மனைவியின் கை அந்தரத்தில் நின்றது. பாப்பாவின் முகம் சிவந்து, நாக்கு வெளியே வந்து, ஒரு இருமல், இன்னொரு இருமல். "சத்தம் வருது, சத்தம் வருது" என்று மனைவி தனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தாள். துண்டு தாடையில் வந்து விழுந்தது. பாப்பா அதை எடுத்துத் திரும்ப வாயில் போட்டு மென்றாள். ராத்திரி எழுந்து மூக்கில் விரல் வைக்கிற பழக்கம் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்தது அதற்குப் பிறகுதான்.

இன்னொரு பொருளும் எங்கள் கார்ட்டில் ரொம்ப நாள் கிடந்தது. முகத்தில் வைத்து அமுக்கி இழுத்தால் தொண்டையில் உள்ளதை உறிஞ்சி எடுக்கும் என்று வீடியோ போடுகிறார்களே, அந்தப் பம்பு. பம்பு என்றால் எனக்கும் ஒரு ஆசை இருக்கும்தானே. ஆனால் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 ஏப்ரலில் இந்த மாதிரிக் கருவிகளைப் பற்றி எச்சரித்து, முதுகில் தட்டுவது, வயிற்றில் இழுப்பது என்று ஏற்கெனவே உள்ள முறையைத்தான் முதலில் செய்யச் சொன்னது. யோசித்துப் பார்த்தேன். அவசரத்தில் எங்கள் வீட்டில் டார்ச் லைட்டே கிடைக்காது. அந்தப் பெட்டியைத் தேடிப் பிரித்து மாட்டுகிற நேரத்தில் பத்து தட்டு தட்டிவிடலாம். கார்ட்டிலிருந்து எடுத்துவிட்டோம்.

குழாயை வாங்கலாமா என்று கேட்டால், ஆயிரக்கணக்கில் செலவாகிற சமாச்சாரம் இல்லை, வாங்கலாம். ஆனால் வந்தவுடன் ஒரு ஸ்கேலாவது வைத்து வாயை அளந்து பாருங்கள். 32 மி.மீ. கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளே நிற்க வேண்டும், 31-க்குக் கீழே என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பேப்பர் டவல், டாய்லெட் ரோல் நடுவில் இருக்கும் அட்டைக்குழாயை வைத்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது நாற்பது மில்லி பக்கம் வரும், கொஞ்சம் கறாரான வாத்தியார் மாதிரி, கூடுதலாகப் பெயில் போடும். காசும் மிச்சம். பொம்மைப் பெட்டியில் 0-3 என்று எழுதி குழந்தை முகத்தின் மேல் கோடு போட்டிருந்தால், என் பிள்ளை புத்திசாலி, அவளுக்கு ஆகும் என்று வாங்காதீர்கள். அது புத்தி சம்பந்தப்பட்டது இல்லை, தொண்டை சம்பந்தப்பட்டது.

என் பக்கத்து ஏற்பாடும் ஒன்று உண்டு. பட்டறைக் கதவு ஓரம் ஒரு தகரத் தட்டு. கிளம்பும்போது பேன்ட் பையைக் கவிழ்த்து அதில் கொட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பது. முதல் வாரம் நட்டு, வாஷர், கிரப் ஸ்க்ரூ, உடைந்த இன்சர்ட் டிப் என்று கால் கிலோ சேர்ந்தது. இத்தனையையும் இத்தனை நாளாக வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

போன வாரம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து, அன்னூர் பக்கம். கெடாவெட்டு முடிந்து பந்தலில் உட்கார்ந்திருந்தோம். மொட்டையடித்து சந்தனம் பூசிய பொடியன் மாமன் மடியில் அழுதுகொண்டிருக்க, தட்டார் புதுக் கம்மலை மாட்டித் திருகிக்கொண்டிருந்தார். அம்மா எழுந்து முன்னால் போனார். இடுப்பில் செருகிய சுருக்குப்பையிலிருந்து, வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவிலிருந்து, உழக்கை எடுத்தார். தட்டிலிருந்த இன்னொரு திருகாணியை எடுத்து உள்ளே போட்டுக் காதோரம் ஆட்டினார். கிலுகிலு என்றது. "பாரு அம்மிணி, இது பெயிலு. இறுக்கமாத் திருகச் சொல்லு, ராத்திரிக்குக் கழட்டி வெச்சிரு" என்று பையனின் அம்மாவிடம் சொல்லிவிட்டு, "என்ர மகன் கடைஞ்சது" என்று கூட்டத்தைப் பார்த்தார். நாலு பேர் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். நைலான் ராடு தீர்ந்துவிட்டது.